முறி, வினைச்சொல்

தார்த்துவில் பிப்ரவரி.
அகராதி அலுவலகம், மூன்றாம் மாடி.
சுவரோரம் வெப்பக்குழாய் இருமுகிறது.
என் மேசையில் ஒரே ஒரு வினைச்சொல்
நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளாய்க் கிடக்கிறது.
முர்த்மா. முறி.

இரண்டு காலணிப் பெட்டிகள்.
இடப்பக்கம் உள்ளபடி, வலப்பக்கம் உருவகம்.
பெயர் எழுதி ஒட்டியவர் யூலோ.

கிளையை முறித்தது காற்று: இடம்.
துடுப்பு இரண்டாய் முறிந்தது: இடம்.
மாலுமி கொடுத்த வாக்கை முறித்தான்: வலம்.
ரொட்டியை முறித்துப் பகைவனுக்கும் பாதி வைத்தாள்:
இடம்.
யூலோ அதை வலத்துக்கு மாற்றினார்.
நான் மறுபடி இடத்துக்கு.
பசித்தவன் கையில் ரொட்டி
எப்போது உருவகமாயிற்று?

தலையை முறித்துக்கொள்கிறான் என்றால்
எங்கள் ஊரில் மருத்துவரை அழைக்கமாட்டோம்.
பாவம், கணக்குப் போடுகிறான்.
மீசை அரும்பும் வயது, முறியும் வயது.
பூட்டை நெம்பி வருபவன் முறிதிருடன்.
தம்ளர் தண்ணீரில் கரண்டி கோணினால்
ஒளி முறிந்திருக்கிறது.
கரைக்கு வந்து வெளுத்துக் கவிழ்வது முறியலை.
தீவுக்காரர் பேச்சு, வோரு பக்கத்துப் பேச்சு,
எல்லா வட்டார வழக்குக்கும்
இதே வேரில்தான் பெயர் வைத்திருக்கிறோம்,
முழு மொழியை யாரோ முழங்காலில் வைத்து
முறித்துப் பங்கிட்டதைப் போல.

முந்நூற்று எண்பத்தெட்டாம் சீட்டு,
ஏதோ ஒரு பழைய நாவலிலிருந்து:
ஓநாய் ஆட்டை முறித்தது.

"வலம்," என்றார் யூலோ.
"கொன்றது என்று பொருள்.
கொன்றதை முறித்தது என்றால் அது அணிதானே?"
தாலினில் டிராம் தண்டவாளத்தோரம் பிறந்தவர்.
ஓநாயைக் கம்பிக்குப் பின்னால்
டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்.
நானும் அப்படித்தான்.

அதனால் தொலைபேசியை எடுத்தேன்.
ஹீயுமா தீவில் தைமி என்றொருத்தி,
வார இதழில் அவள் பட்டி பற்றி வந்திருந்தது.

"பதினொன்று," என்றாள்.
"தின்றது ஒன்றை. மற்றதை முறித்துப் போட்டுவிட்டுப் போயிற்று.
ஒரு தலையைத் தூக்கினேன்.
ஈரத் துண்டு மாதிரி என் கை போன பக்கமெல்லாம் வந்தது.
இழப்பீட்டுப் படிவத்தில் அதிகாரி எழுதினார், சேதம்.
சேதமாம்! கூரைக்குத்தான் சேதம் வரும்.
அந்தச் சொல்லை எந்தப் பெட்டியில் போடுவீர்கள், அம்மா?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.
அவள் பக்கம் ஒரு கெண்டி கொதித்து நின்றது.

"பன்னிரண்டாவது ஒன்று உண்டு. தப்பியது.
கால்நடை மருத்துவர் விரல் விரலாய்த் தடவினார்.
எலும்பெல்லாம் சரி, கீறல்கூட இல்லை.
ஆனால் சுவரைப் பார்த்து நிற்கிறது.
வைக்கோலை முகர்ந்துவிட்டு விட்டுவிடுகிறது.
அதையும்தான் முறித்துவிட்டது அந்த ஓநாய்."

புதுச் சீட்டு, நானூற்றுப் பதிமூன்று.
தேதி போட்டேன். இடம், ஹீயுமா. சொன்னவர், தைமி.
கையில் பிடித்தபடி
இரண்டு பெட்டிக்கும் நடுவே நின்றேன்.
இடம் என்றால்
மருத்துவரின் பத்து விரலும் பொய்.
வலம் என்றால்
சுவரோரம் நிற்கிற ஆடு பொய்.

யூலோ வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.
எழுந்து, சோம்பல் முறித்து,
ஜன்னலில் கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தார்.
ஓர் இலக்கண நூலையும் இழுக்கவில்லை.

"இப்போது தின்கிறதா அது?" என்றார்.

கேட்கவில்லை, என்றேன்.

சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்
தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார்.