மூன்று பேர் ஒத்துக்கொண்டவை

பெருங்குடி, ஏழாவது மாடி. ஏ.சி. பதினெட்டில்.
ஒரு வாக்கியத்துக்கு ஒரு ரூபாய் இருபது காசு.
காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறோம்
நான், ஜெனோவா, அப்சல்.
ஒருவர் போடும் மதிப்பெண் இன்னொருவருக்குத் தெரியாது.
தெளிவுக்கு ஐந்து, பிழையின்மைக்கு ஐந்து,
உணர்ச்சிக்கு நான்கே பெட்டி:
மகிழ்ச்சி, கோபம், துயரம், ஒன்றுமில்லை.

வரிசை எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
பஸ் இரைச்சல். யாரோ சில்லறை எண்ணுகிறார்.
நடுவில் ஒரு பொம்பளை, போனில்:
"வந்தா வரட்டும், இல்லாங்காட்டி போவட்டும்."
மூன்று விநாடி, அவ்வளவுதான்.
கோபம் என்று அழுத்தினேன்.
ஜெனோவாவின் திரையில் மட்டும்
அந்த அலைக்கோடு ஆறு தடவை ஓடியது.
பிறகு எதையோ அழுத்திவிட்டு
பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை இந்திரஜித் சார் ஷீட்டைத் திறந்தார்.
அப்சல் ஒன்றுமில்லை போட்டிருந்தான்.
ஜெனோவா துயரம்.
பிழையின்மைக்கு அவள் கொடுத்தது ஐந்துக்கு ஒன்று;
விதிமுறை பதினான்காம் பக்கப்படி
போகட்டும் சரி, போவட்டும் வழு.
"எங்க அம்மா வாய் அப்படியே," என்றாள்
காசிமேட்டுக்காரி, டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி.
புகார் மாதிரி இல்லை.
விதி விதிதானே என்கிற மாதிரி.

எங்கள் ஒப்புதல் பூஜ்யம் புள்ளி ஆறு ஒன்று.
கிளையண்ட் கேட்பது எட்டு.
"ஒத்துப்போகாததை எல்லாம் தூக்கிடுங்க,
தரம் தானா ஏறும்."

ஏறியது.
சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாகப் போகப் போக
சாப்பாட்டு நேரத்துக்குள் எட்டு மூன்று.
மிஞ்சியவை:
நாளை வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்.
எனது கணக்கின் இருப்புத் தொகை எவ்வளவு?
வலது பக்கம் திரும்பவும்.
மூன்று பேரும் ஐந்து போட்ட வாக்கியங்கள்.
யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியங்கள்.
இதற்குப் பெயர் கோல்டு செட்.

"அதுவும் பூட்ச்சா?" என்றாள் ஜெனோவா.
எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் சௌகார்பேட்டையில்
என் செயினைக் கல்லில் உரசிப் பார்த்த சேட்டு
பத்தவைத்த இடங்களுக்கு மட்டும் எடை கழித்தார்.
"அதெல்லாம் மட்டம்மா, தங்கத்துல சேராது."
மூன்று இடம். மூன்று தடவை அறுந்தது.
அவை இல்லையென்றால்
கையில் நான்கு துண்டுதான் இருந்திருக்கும்.
சேட்டிடமும் சொல்லவில்லை,
இந்திரஜித் சாரிடமும் சொல்லவில்லை.
ஏழாம் தேதி வட்டி கட்ட வேண்டும்.

ஏழரை மணி பறக்கும் ரயிலில்
எதிர் சீட்டுக்காரர் போனை வைக்குமுன்
"சரி, பாக்கலாம்" என்றார்.
பார்ப்பாரா?
பார்க்கமாட்டார் என்பது
மறுமுனைக்கும் தெரிந்திருக்குமா?
தரமணி போய், திருவான்மியூர் போய்
கஸ்தூர்பா நகர் தாண்டியும்
என் கட்டைவிரல் கைப்பையின் வாரில்
ஐந்தாவது பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.