ஒப்பீட்டுத் தெரு

சீட்டெழுதிக் குலுக்கவில்லை.
எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
கணினி கண்ணை மூடிக்கொண்டு சொன்னது:
ஏழாவது தெருவுக்குக் குளோரின் சொட்டு.
எட்டாவது தெருவுக்குக்
கேள்விகள் மட்டும்.

நடுவில் கழிவுநீர்க் கால்வாய்.
அதன்மேல் சாய்ந்த மின்கம்பம் ஒன்றைப் படுக்கவைத்து
யாரோ போட்ட பாலம்.
ஆய்வு வரைபடத்தில் பாலம் இல்லை.

மாதத்துக்கு ஒருமுறை போவேன்,
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டிக்கு நின்று நின்று,
டேப்லெட்டைத் துப்பட்டாவால் வெயிலுக்கு மூடி.
கேள்வி பதினேழு:
கடந்த பதினான்கு நாட்களில்
ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு?
ஆம், ஒன்று. இல்லை, இரண்டு.
தெரியாது, எண்பத்தெட்டு.
வீடு பூட்டியிருந்தால் தொண்ணூற்றொன்பது.

எட்டாவது தெரு தேசம்மா,
மடியில் இரண்டரை வயது லிங்கேஷ்,
மூன்றாம் மாதமே கேட்டுவிட்டாள்:
"அந்தத் தெருவுக்கு பாட்டிலு குடுத்துட்டு
எங்களாண்ட வந்து பேதி ஆச்சா பேதி ஆச்சான்ற.
ஆவணும்னு வேண்டிக்கினு வர்றியா?"

பயிற்சிக் கையேட்டில் பதில் உண்டு:
புன்னகைத்து அடுத்த கேள்விக்குச் செல்லவும்.
சென்றேன்.
கேள்வி பதினெட்டு, கழிப்பறை.

ஐந்தாம் மாதம் குறியீடெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.
வாயைத் திறக்குமுன்
விரலைக் காட்டுவாள்.

ஐப்பசியில் முழங்கால் தண்ணீர்.
இரண்டு தெருவும் ஒரே தெரு.
கார்த்திகைச் சுற்றில்
அவள் குடத்துக்குப் பின்னால்
நீலமூடி பாட்டில், பாதி.
என் கையால் ஒட்டிய ஸ்டிக்கர்:
ஏழாவது தெரு, ஷர்புன்னிசா.
லாரித் தண்ணிக்கு முன்பின்னாக நிற்பவர்கள்.
பாட்டில் கிடைக்காத வீடுகளில்
தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.
"மாசாமாசம் வந்து கேக்குறியேம்மா,
இல்லன்னு சொல்லத் தாவல?"

மேற்பார்வையாளர் போனில் சொன்னார்:
குறித்துக்கொள், இதற்குப் பெயர் மாசு.
குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.
அடி தெரிந்தது.

பங்குனியில் அறிக்கை.
இரு தெருவிலும் பேதி பாதியாகியிருந்தது.
ஆகவே இரண்டுக்கும் இடையில் வித்தியாசம்
பொருட்படுத்தத் தக்கதல்ல.
ஆகவே சொட்டுக்கு விளைவில்லை.
ஆகவே பாட்டில் நிறுத்தம்.
ஆறாம் அடிக்குறிப்பில், எறும்பெழுத்தில்:
கசிவு இருந்திருக்கலாம்.

எனக்கு இப்போது மணலிப் பக்கம்,
அடுப்பு, விறகு, இருமல்.
நேற்று அதே கேட்டில் நிற்கிறேன்.
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் தேசம்மா,
இடுப்பில் பிள்ளை,
தலை அவள் தோளில் தொங்கிக் கிடந்தது.
"இன்னாமே, இந்த மாசம் கேக்கலியா?"

ஒரு விரலைத் தூக்கினாள்.

வண்டி வந்துவிட்டது.
எண்ணுவது பழக்கமாகிவிட்டது எனக்கு.
ஐம்பத்தெட்டு பெட்டிகள்.
கேட் தூக்கியபோது
அந்தப்பக்கம் ஆட்டோக்கள்தான்.