ஒரு சிட்டிகை உப்பு

கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டி
முக்கால் மணி தாமதமாக வந்தான்
ஃபில்டர் கம்பெனிப் பையன்.
மூன்று மாடி ஏறிய மூச்சு.
ஷூ கழற்றணுமா என்று கேட்டுவிட்டு
அவனே கழற்றினான்.
சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது.

எங்கள் குழாயிலிருந்து ஒரு கிளாஸ்,
அவன் பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ்.
பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினான்.
எங்களுடையது ஆயிரத்து நூற்று நாற்பது.
அவனுடையது முப்பத்தெட்டு.
பரீட்சையாக இருந்தால்
நாங்கள்தான் பாஸ்.

பக்கத்து வீட்டு கமருன்னிசா
வாசற்படியில் நின்று
"யா அல்லா, இதையா குடிக்கிறோம்" என்றாள்.
குடிப்பதில்லை. குடிக்க நாற்பது ரூபாய் கேன்.
சோறு வடிக்க, பல் தேய்க்க, குழம்புக்கு மட்டும் இது.
அப்புறம் எதைத்தான் குடிக்கவில்லை?

பிறகு அந்தப் பெட்டியை எடுத்தான்.
நான்கு கம்பி, ஒரு பிளக்.
இரண்டு கிளாசிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான்.
எங்கள் தண்ணீர்
மஞ்சளாகி, காவியாகி,
சாக்கடைக் கறுப்பில் திப்பி திப்பியாக மிதந்தது.
அவன் தண்ணீர் அசையவில்லை,
கேள்வி கேட்டால் பதில் தெரியாத பிள்ளை மாதிரி.
கமருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு
வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடினாள்.

பதினொரு வருஷமாக
நிக்கல் பிளேட்டிங் கடையில் வேலை எனக்கு.
கதவுக் கைப்பிடிகளைத் தொட்டியில் தொங்கவிட்டு
கரண்ட் கொடுப்பேன்.
எந்தக் கம்பி கரையும், எது பூசிக்கொள்ளும்
என்பது என் சம்பளம்.
அந்தக் கறுப்பு தண்ணீருடையது இல்லை.
கம்பியுடையது.

ஒன்றும் சொல்லாமல்
அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து ஜாடியிலிருந்து
ஒரு சிட்டிகை உப்பெடுத்து
அவன் சுத்தமான கிளாசில் போட்டேன்.
சாமான் ரயில் ஒன்று போனது.
இரண்டு கிளாசும் நடுங்கின.
ரயில் முடிவதற்குள்
அவனுடையதும் கறுத்துவிட்டது.

பார்த்தான். நானும் பார்த்தேன்.
தெரிந்து செய்தானா, அவனுக்கே தெரியாதா,
இன்றுவரை பிடிபடவில்லை.
"அக்கா, அவங்க கிட்ட சொல்லிடாதீங்க."
"எவ்ளோ கொறைப்ப?"
என் வாய்தான் கேட்டது.
நான் யோசிப்பதற்குள் கேட்டுவிட்டது.

பதினாறாயிரத்து ஐந்நூறு
பதினாலாயிரம் ஆனது.
முன்பணம் இரண்டாயிரம்,
மாதம் ஆயிரமாகப் பன்னிரண்டு.
வட்டி இல்லை. ஃபைல் சார்ஜ் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
வருஷா வருஷம் மெம்பரேன் மாற்ற மூவாயிரம் என்பதை
வாசலில் ஷூ மாட்டும்போது சொன்னான்.
துறைமுகத்தில் டிரெய்லர் வரிசையில் கிடந்த தேவசகாயம்
போனில் "நீ பார்த்துக்க" என்றார்.
பார்த்துக்கொண்டேன்.

கமருன்னிசா
சீட்டெடுத்த பணத்தில்
முழு விலைக்கு வாங்கினாள்.

தப்பில்லை என்று
தினம் ஒரு முறை எனக்கு நானே கணக்குப் போடுகிறேன்.
மீட்டர் பொய் சொல்லவில்லை.
குக்கரின் அடியில் இப்போது வெள்ளை ஏறுவதில்லை.
கேனுக்குப் போன காசில்
தவணை பாதி கழிந்துவிடுகிறது.
தேவையான பொருள்தான்,
தேவையில்லாத பயத்தைக் காட்டி விற்றான், அவ்வளவுதான்.
கூட்டல் சரியாகத்தான் வருகிறது.
விடைதான் இரண்டாயிரத்து ஐந்நூறில் வந்து நிற்கிறது.

கேன் போடும் இருதயராஜ்
காலி கேனுக்கு டெபாசிட் தரமாட்டேன் என்றார்.
அந்த நீலக் கேனில்தான்
கழிவுக் குழாயை விட்டிருக்கிறேன்.
ஒரு கிளாஸ் நல்லது சொட்டுவதற்குள்
மூன்று கிளாஸ் அதில் விழுகிறது.
வீடு துடைக்கிறேன், கக்கூசுக்கு ஊற்றுகிறேன்,
அப்படியும் மிச்சம்.

நேற்று கமருன்னிசா
நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள்.
"நம்ம ஃபில்டர் தண்ணில காய்ச்சினது,
ருசியே வேற பாரு."
குடித்தேன்.
உப்பு போதுமா என்று கேட்டாள்.
போதும் என்றேன்.
உள்ளே
நீலக் கேன் வழியத் தொடங்கியிருந்தது.