பன்னிரண்டு வோல்ட் வரி

ஓஸ்ட்ராவா நகரத்தில், அணைந்துபோன இரும்பு உலைகளுக்கு
இரண்டு நிறுத்தம் தள்ளி எங்கள் கடை.
ஜன்னலோரம் ஏழு கணினிகள்.
விளையாடுவதற்கென்றே பூட்டித் தந்தவை.
பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வானவில் சுழலும்.
விலைச்சீட்டில் இரண்டு பெயர்களைத்தான் பெரிதாக அச்சடிப்போம்:
ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு.
மீதியெல்லாம் "மற்றும் பல".
அந்த "மற்றும் பல"வில்தான்
என் சம்பளம் வருகிறது.

பிப்ரவரி, செவ்வாய், கடை மூட அரைமணி.
பூட்ஸில் பனிச்சேற்றோடு ஹெட்விகா வந்தாள்.
ட்ராம் ஓட்டுநர் சீருடை.
மகள் யோலானாவுக்குப் பதினைந்து முடிகிறதாம்.
நான் மனப்பாடத்தை ஆரம்பித்தேன்:
எத்தனை ஃப்ரேம், எத்தனை நிறம், எத்தனை தவணை.
"இதற்குக் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது?" என்றாள்.

சுவரிலிருந்து, என்று சொல்லிச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

"ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

இந்தக் குளிர்காலத்தில் நாற்பது பெட்டி விற்றிருக்கிறேன்.
ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.
கண்ணாடிக்கு மறுபக்கத் தகரத்தைக் கழற்றினோம்,
யார் கண்ணிலும் படாத பக்கம் அது.
விடியுமுன் வீட்டைக் காலிசெய்தவன்
மூட்டை கட்டியதுபோல் வயர்கள்.
மெமரிக்கு நான்கு இடம், ஒன்றில் மட்டும் பட்டை.
பதினாறு ஜிபி என்று போட்டிருந்தோம், பொய்யில்லை.
எட்டும் எட்டுமாய்ப் பிரித்து வைத்திருந்தால்
இரண்டு தடத்தில் ஓடியிருக்கும்.
"ஒற்றைத் தண்டவாளம்," என்றாள்.
"எதிர்வண்டி வந்தால் காத்துக் கிடக்கணும்."
மதர்போர்டில் சூடேறும் இடத்தின் மேல்
உலோகம் இருக்க வேண்டும்.
அதை மாட்டும் துளைகள் மட்டும் இருந்தன,
தோடு இல்லாத காது.

அடியில் கறுப்புத் தகரப் பெட்டி. பவர் சப்ளை.
ஊர் பேர் இல்லை. வெள்ளி எழுத்தில் 500.
ஃபோன் வெளிச்சத்தில், குனிந்து,
எறும்பு எழுத்தில் இருந்ததை வாசித்தாள்:
பன்னிரண்டு வோல்ட் வரியில் இருபத்திரண்டு ஆம்பியர்.
ட்ராம் சீட்டின் முதுகில் பெருக்கினாள்.
இருநூற்று அறுபத்து நான்கு.

"மீதி இருநூற்று முப்பத்தாறு எங்கே?"

இன்று ஏறக்குறைய யாருக்கும் தேவைப்படாத
வேறு வோல்ட்டுகளில் எழுதி வைத்திருந்தார்கள்.
கார்டு ஒன்றுக்கே நூற்று எழுபது வேண்டும்,
ப்ராசஸருக்கு நூற்றுப் பத்து.
எனக்கும் கூட்டத் தெரியும்.
கூட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"மேட்டில் ஏறும்போது கம்பியில் கரண்ட் குறைந்தால்
என் வண்டியில் முதலில் விளக்குதான் மங்கும்," என்றாள்.
"அதைப் பார்த்து எனக்குப் புரியும்.
உங்கள் வண்டியில் விளக்கு கடைசிவரை எரியும் போலிருக்கே."

கல்லாவிலிருந்து முதலாளி ஷ்பாச்செக் இருமினார்.
முப்பத்தோராயிரம் கொருனா
பணப்பைக்குள்ளேயே இருந்தது.
அவள் போனபின் தகரத்தை மூடினேன்.
ஒரு திருகு மிஞ்சியது. சட்டைப்பையில் போட்டேன்.

வீட்டில் என்னுடையது இருக்கிறது.
அதே பெட்டி. ஊழியர் சலுகை.
ஆறு மாதமாய், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதெல்லாம்
பட்டென்று செத்துவிடும்.
ஆட்டத்தைத் திட்டினேன், இணையத்தைத் திட்டினேன்,
கீழ்வீட்டு ஒட்டகாரின் வாஷிங் மெஷினைக்கூட.
நள்ளிரவில் அதைத் தரையில் படுக்கவைத்துக் கழற்றினேன்.
எறும்பு எழுத்து. இருபத்திரண்டு.

கீழே கடைசி ட்ராம் வளைவில் திரும்பியது.
கம்பியில் நீலப்பொறி. ஜன்னல் அதிர்ந்தது.
கடையில் மிஞ்சிய திருகை எடுத்து
ஒவ்வொரு துளையாக வைத்துப் பார்க்கிறேன்.
எங்கும் பொருந்தவில்லை.
என் பக்கத்தில், தரையில்,
வானவில் சுழன்றுகொண்டிருக்கிறது.