மூன்றடுக்குக் கண்ணாடி

ஃபியோர்டின் இந்தக் கரையில் நாங்கள்.
டவர் அந்தக் கரையில்,
ஊரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி.

குளிருக்கென்று போட்ட மூன்றடுக்குக் கண்ணாடி
அலையையும் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.
ஜன்னலோரம் தவம் கிடக்கிறது ரவுட்டர்.

நேற்றிரவு திரையில் தூருன்னின் தங்கை.
இருவருக்கும் காது கேட்காது, கைதான் பேச்சு.
ஏதோ சொல்லவந்த கை
வயிற்றருகே உறைந்து நின்றது.
வலியா? பிள்ளையா?
எழுதிக் கேட்டதும் போகாமல் சுற்றிச் சுற்றி...

மூன்று வாரமாய்ப் பெட்டியில் கிடந்த ஆன்டெனாக்களை
விடிந்ததும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.
இரண்டையும் கத்தரிக்கோல் மாதிரி சாய்த்து மாட்டி,
கேபிளைக் குறுக்கி
(மீட்டருக்கு மீட்டர் சுங்கம் வாங்கும் அது)
டவருக்கு நேராய்த் திருப்பினேன்.

உள்ளிருந்து தூருன் விரல் காட்டினாள்: நான்கு.
ஒரு விரற்கடை வடக்கே: மூன்று.
தெற்கே: ஆறு. பிறகு நான்கே.
நடுவில் ஸ்ப்ரூஸ் மரங்கள், ஈரம் சொட்டச் சொட்ட.

கை மரத்து, நட்டு நழுவி,
கம்பம் தன்பாட்டுக்குச் சுழன்று
எதிரே மொட்டைப் பாறையைப் பார்த்து நின்றது.
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
உள்ளே அவள் குதிக்கிறாள்.
பத்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி,
நாற்பதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பாறையில் பட்டு வருகிறது போலும்.
வரட்டும்.
தொடாதே, அப்படியே முடுக்கு என்கிறாள்
அலை நுழையாத அதே கண்ணாடி வழியாக,
ஒரு விரல்கூடச் சிந்தாமல்.

இறங்கி வந்தபோது தங்கை திரையில்,
பனிபோல் தெளிவாய் இல்லை, பனியில்லாத நாள்போல.
வலியுமில்லை, பிள்ளையுமில்லை.
ஸ்வெட்டர் பின்னுகிறாளாம்.
கேட்டது
என் இடுப்பளவு.