மூன்று நான்கு சுழி

வார்தே துறைமுகத்துக்குச் சூரியன் திரும்பி வர
இன்னும் ஒன்பது நாள்.
மீன் எடைபோடும் கொட்டகையின் பின்னறையில்
ஒரு பழைய கணினியின் வயிற்றைத் திறந்துவைத்து
நானும் எய்லெர்ட்டும் குனிந்திருக்கிறோம்.

வட்டு ஓட்டி,
உடைப்பதற்குப் போன இழுவைப் படகிலிருந்து வந்தது.
நெற்றியில் இருமடங்கு வேகம் என்று எழுதியிருக்கும்.
நாலு வருடத்துக்கு முன் அது பெருமை.
தட்டை நீட்டுகிறது, இழுத்துக்கொள்கிறது,
பச்சை விளக்கை ஒருமுறை சிமிட்டுகிறது,
உயிரோடுதான் இருக்கிறது.
நிறுவியைக் கேட்டால் மட்டும்
அப்படி ஒருவர் இங்கே குடியில்லை.

முழு இயங்குதளமும் அந்த வட்டில்.
வட்டு அந்த ஓட்டியில்.
ஓட்டி தெரியாவிட்டால் என்ன செய்வது
என்று விளக்கும் பக்கமும்
அதே வட்டில்.
சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவனை
நான் பார்த்ததில்லை.
பார்த்தால் சொல்ல ஒன்றிரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன்.

நெகிழ்வட்டைச் செருகி, மறுபடி முதலிலிருந்து.
கறுப்பில் வெள்ளை எழுத்து ஏறிப் போகிறது:
நினைவகம் உண்டு. விசைப்பலகை உண்டு.
வன்வட்டுக்கு எத்தனை தலை என்பதுகூடத் தெரிகிறது.
பிறகு கர்னல் தெருவில் இறங்கிக்
கதவு கதவாகத் தட்டத் தொடங்குகிறது.
மூன்று சுழி சுழியில்
குடியிருந்தது வலை அட்டை.
யாரையோ தேடி வந்து தன்னை எழுப்பியதில்
அது ஒரு சொல்லும் சொல்லாமல் உறைந்துபோனது.
திரையும் உறைந்தது.
வெளியே மைனஸ் எட்டு.

‘யார் வீடு என்று பார்த்துத் தட்டக்கூடாதா’
என்றார் எய்லெர்ட்.
ரேடியோ பழுதுபார்ப்பவர்.
அலைவரிசை தெரியாமல் கூப்பிடுவது
அவர் தொழிலில் அநாகரிகம்.

இரண்டாம் இரவு
பட்டைக் கம்பியைத் திருப்பி மாட்டினோம்,
சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம்.
அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.
திரும்பவும் திருப்பினோம்.

மூன்றாம் இரவு
ஓட்டியின் அட்டையைப் பிடுங்கி விளக்கடியில் வைத்தேன்.
இரண்டு ஊசிகளின் தலையில்
அரிசிமணி அளவு ஒரு கறுப்புத் தொப்பி.
பக்கத்தில் அச்செழுத்து ஏதோ;
அதன்மேல் காய்ந்து ஒட்டிய
காட் மீனின் செதில் ஒன்று.
எந்தக் கடலில், எந்த வலையில் வந்ததோ.
நகத்தால் சுரண்டினேன்.

மூன்று.
நான்கு.
சுழி.

பதினாறின் கணக்கில் எழுதிய கதவிலக்கம்.
மூன்று இரவும் அது தன் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

தொடக்க வரியில் கைப்பட எழுதினேன்.
முதலில், வலை அட்டையின் கதவைத் தொடாதே.
பிறகு ஓட்டியின் மூன்றெழுத்துப் பெயர்,
சமக்குறி, மூன்று நான்கு சுழி, காற்புள்ளி,
பதினொன்று.
அந்தப் பதினொன்று எதற்கென்றால்,
எந்த எண்ணில் குறுக்கே பேசலாம் என்று
நாம் முன்கூட்டியே தரும் அனுமதி.
எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில்
இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பச்சை விளக்கு சிமிட்டியது.
நிற்கவில்லை.
சிமிட்டிக்கொண்டே இருந்தது.
எய்லெர்ட் எதுவும் பேசாமல்
ஆறிப்போன காப்பியை எனக்கும் ஊற்றினார்.

ஓட்டி தன் வேகத்தில் படித்தது,
ஐம்பது நிமிடம்.
அதற்குள் ஒரு படகு வந்தது.
இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு;
வழக்கம்போல நோட்டில் எழுதி
ஈரக் கையுறையோடு திரும்பி வந்தேன்.

கடைசியாகப் பெயர் கேட்டது.
சோல்வி என்று அடித்தேன்.
என் பெயரின் நடுவில்
ஒரு வட்டம், அதன் குறுக்கே சாய்ந்த கோடு.
அந்த எழுத்தை அது
எந்தக் கதவிலும் கண்டுபிடிக்கவில்லை.

ச?ல்வி,
நல்வரவு.

எய்லெர்ட் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
எழுத்து அட்டவணையை மாற்றலாம்,
இன்னும் ஓர் இரவு பிடிக்கும் என்றார்.
மணி ஐந்தரை.
தெருவில் பனி வாரும் வண்டி போயிற்று.
சரி, நான்தான்,
என்று உள்ளே போனேன்.