வால் நறுக்குதல்

லோரியான் மீன் ஏலக்கூடம். விடிகாலை மூன்றே முக்கால்.
ஐஸ் பெட்டியின் மேல் பிரெஞ்சுப் பயிற்சி நோட்டு.
ஒரு கை உறையை மட்டும் கழற்றிவிட்டு எழுதுகிறேன்.

நிகழ்காலத்தில் 'நாம்' வடிவத்தை எடு.
கடைசி 'ஓன்' என்ற மூக்கொலியை நறுக்கு.
மிஞ்சியதில் 'ஏ' ஒட்டு.
நூ பார்லோன். பார்ல். ஜ பார்லே.
பேசிக்கொண்டிருந்தேன்.

நறுக்குவது எனக்குப் புதிதல்ல.
ராத்திரிக்கு முந்நூறு கானாங்கெளுத்திக்கு வால் எடுக்கிறவன்.
ஆனால் நறுக்க முதலில் ஒரு 'நாம்' வேண்டுமாம்.
எலிசோவும் நானும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து
ஏழு மாதம்.

நான், அவள், அவர்கள்:
எழுதினால் வெவ்வேறு வால்.
சொன்னால் எல்லாம் அதே 'ஏ'.
கத்திக்கொண்டிருந்தது யார் என்று
காதுக்குத் தெரியாது.

தராசைக் கழுவிக்கொண்டே க்வெனொலா எட்டிப் பார்த்தாள்.
"ஒரே ஒரு வினை மட்டும் இந்த விதிக்கு அடங்காது, நுக்ஸார்."
எது?
"இருத்தல். நூ ஸொம். நறுக்க அதில் 'ஓன்' ஏது?"

உதாரணம் கேட்டாள்.
எலிசோ ஜன்னலைத் திறப்பாள், நான் சாத்துவேன்.
"எத்தனை தடவை?"
ஞாயிறுதோறும். மழையென்றாலும்.
"அப்போ சரி, இந்தக் காலம்தான்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது?
"ஒரு தடவைதானே?
அதற்கு வேறு காலம். பதினாலாம் பாடம்."

ஏல மணி அடித்தது.
பன்னிரண்டாம் பாடத்தில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
அப்படியே மூடினேன்.